கல்லும் கறையும்

சென்ற வாரம் இப்பகுதியில், பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கும் முறையை எடுத்துரைத்தோம். அதனை வாசித்த சகோதரி ஒருவர், புளி பித்தளையை இவ்வளவு மினுக்குமாயின், மங்கிப்போன பளிங்குத் தரையையும் அதனாலேயே துலக்கலாமா என்று வினவி எழுதியிருக்கிறார். வினா சிறிது, அதற்குரிய விடையோ நம் வீட்டு முற்றம் முதல் கிணற்றடி வரை செல்ல வேண்டியது. ஆதலால் இவ்வாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

துலக்கலாகாது என்பதே நமது விடை. பித்தளையின் மேற்படிந்த களிம்பைக் கரைக்கும் அதே புளிப்பு, பளிங்கில் அழுக்கை விட்டுவிட்டுப் பளிங்கையே கரைக்கும். பித்தளையில் அழுக்குப் போகிறது. பளிங்கிலோ கல்லே போகிறது. போன கல் மீண்டும் வருவதில்லை. சேலையிற் பட்ட கறையைச் சலவையாளரிடம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். கரைந்த கல்லைத் தீர்க்க வேண்டுமாயின், தரை முழுவதையும் இயந்திரத்தால் தேய்த்து மறுபடியும் ஒப்பமிட வேண்டும். அதற்காகும் செலவைக் கேட்ட பின்னரே பலர் கல்லின் அருமையை உணர்கின்றனர்.

கல் தானே, அதற்கென்ன வந்துவிடப் போகிறது என்று நாம் எண்ணுவதுதான் தீமைக்கெல்லாம் முதற்காரணம். மரத்துக்குக் கறையான் உண்டென்றும், இரும்புக்குத் துரு உண்டென்றும் அறிவோம். கல்லுக்கும் பகைவர் உண்டு. அவர்களை அறிவதற்கு முன்னர் கல்லின் இனத்தை அறிதல் வேண்டும்.

கல்லின் இனம் அறிதல்

நம் இல்லங்களிற் காணப்படும் கற்களை இரு பெருங் குடும்பங்களாக வகுக்கலாம். முதலாவது சுண்ணாம்புக் குடும்பம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தை அகழ்ந்தால் வெளிப்படும் வெண்மையான சுண்ணாம்புக்கல், கரையோர ஊர்களின் பழைய மதில்களிலும் சுவர்களிலும் காணப்படும் முருகைக்கல், தரைக்கும் பூசையறைக்கும் இடப்படும் பளிங்குக்கல் ஆகிய மூன்றும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தோற்றத்தில் வேறுபட்டாலும் இவற்றின் உடல் ஒன்றே. அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் மயோசீன் எனப்படும் புவியியற் காலத்திற் கடலடியிற் படிந்து உருவானது. அத்தகைய சுண்ணாம்புக்கல் புவியின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் ஆளாகி உருமாறும்போது பளிங்காகிறது.

இரண்டாவது கருங்கற் குடும்பம். இலங்கையின் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிலம் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையான உருமாறிய பாறைகளின்மேல் அமைந்துள்ளது. நம் அம்மி, ஆட்டுக்கல், உரல், வாயிற்படி என்பன இத்தகைய கடும்பாறைகளிற் செதுக்கப்பட்டவையே. இக்காலத்துச் சமையலறை மேடைகளில் ஒப்பமிட்டுப் பதிக்கப்படும் ‘கிறனைற்’ பலகைகளையும் இக்குடும்பத்திலேயே சேர்க்கலாம். புவியியலாளர் கிறனைற் என்று ஒப்புக்கொள்ளாத பல பாறைகளையும் கடைகளில் அப்பெயரிட்டே விற்கின்றனர்.

வீட்டிலுள்ள கல் எக்குடும்பத்தது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. எவர் கண்ணிலும் படாத ஒரு மூலையைத் தேர்ந்து, அங்கே ஒரு துளி வினாகிரியை இடுக. சிறு குமிழிகள் எழுமாயின் அது சுண்ணாம்புக் குடும்பம். எழுவது காபனீரொட்சைட்டு வாயு. நம் நாட்டு மலைப்பகுதிகளிற் கிடைக்கும் பளிங்கிற் பெரும்பகுதி மகனீசியமுங் கலந்த தொலமைற்று வகையைச் சேர்ந்தது. அதிற் குமிழிகள் மெல்லவே எழும், சிலவேளை கண்ணுக்கே புலப்படா. ஆகவே ஐந்து நிமிடத்தின் பின் துடைத்துவிட்டு, துளி இருந்த இடம் மங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் அவ்விடத்தை நீரால் நன்கு கழுவிவிடுக.

மாணவர்கள் இதனை வேறு வழியாலும் கண்டறியலாம். ஒரு கோழி முட்டையை வினாகிரி நிறைந்த கண்ணாடிக் குவளையில் இட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். ஓடு கரைந்து, மென்தோல் மட்டும் எஞ்சக் காண்பீர்கள். முட்டை ஓட்டின் உடலும் பளிங்கின் உடலும் ஒன்றே என்பது அப்போது விளங்கும்.

மணலே முதற் பகைவன்

தரைக் கல்லின் முதற் பகைவன் தண்ணீரோ எண்ணெயோ அன்று, மணல். ஜெர்மானிய அறிஞர் பிரெடெரிக் மோஸ் 1812ஆம் ஆண்டில் கனியங்களின் வன்மையை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். பத்தாம் இடம் வைரத்துக்குரியது. பளிங்கின் உடலாகிய கல்சைற்று மூன்றாம் இடத்தில் உள்ளது. மணலிற் பெரும்பகுதியாகிய குவாட்சு ஏழாம் இடத்தில் உள்ளது. வன்மை மிக்கது குறைந்ததைக் கீறும் என்பது நியதி. வெளியிலிருந்து பாதங்களோடு வரும் மணற்பருக்கை ஒவ்வொன்றும், நாம் அதனை மிதித்து நடக்குந்தோறும், பளிங்கில் ஒரு நுண்ணிய கீறலை இடுகிறது. எறும்பூரக் கல்லுந் தேயும் என்பர். மணல் ஊரப் பளிங்கு தேய்வதில் வியப்பில்லை. நடமாட்டம் மிகுந்த வழியில் மட்டும் தரை மங்கியிருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்குப் பரிகாரம் செலவற்றது. வாயிலில் ஒரு தும்புக் கம்பளமும், உள்ளே ஒரு துணிக் கம்பளமும் இடுக. நாள்தோறும் மெல்லிய தும்புத்தடியாற் கூட்டிய பின்னரே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கூட்டாமலே துடைப்போர், மணலையும் நீரையும் சேர்த்துத் தரையை அரைக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். துடைக்கும் நீரில் சில துளி மென்மையான பாத்திரச் சவர்க்காரத் திரவம் போதும். பின்னர் தனி நீரால் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றிவிடுக. துலக்கும் கரடுமுரடான தூள்களும், பாத்திரம் தேய்க்கும் இரும்புத் தும்பும் பளிங்கின் அருகே வருதலாகாது. இரும்புத் தும்பின் நுண்துண்டுகள் கல்லிற் சிக்கித் துருப்பிடித்துப் புதியதொரு கறையையும் உண்டாக்கும்.

கல்லும் கறையும் ஒன்றாகும்போது

குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லினூடே ஊறி வருவது. ஆதலால் அது பல இடங்களிற் கடினநீராய் இருக்கிறது. தரையிலும் குழாயடியிலும் நீர் உலர்ந்த பின் வெண்மையான படை ஒன்று எஞ்சுகிறது. அதனை அகற்றத் தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் சிலர் உபயோகிக்கின்றனர். இன்னுஞ் சிலர் கடையில் விற்கும் அமிலத்தையே வாங்கி ஊற்றுகின்றனர்.

அவ்வெண்படையும் கல்சியம் காபனேற்றே. கீழேயுள்ள பளிங்கும் கல்சியம் காபனேற்றே. படையைக் கரைக்கும் அமிலத்துக்குப் படை எது, பளிங்கு எது என்ற வேற்றுமை தெரியாது. மங்குத் தரையிலும் உருக்குக் குழாயிலும் இடத்தகுந்தது பளிங்குக்கு நஞ்சாவது இதனாலேயே. நீர் தேங்காது பார்த்து, உடனுக்குடன் துடைத்து உலர்த்துவதே பளிங்குக்கு ஏற்ற ஒரே வழி. ஏற்கெனவே படிந்ததை மரத்துண்டு அல்லது பிளாத்திக்குத் தகட்டின் விளிம்பால் மெல்லச் சுரண்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். மலசலகூடத்தைக் கழுவ விற்கப்படும் அமிலங்களிற் பல ஐதரோக்குளோரிக்கமிலம் கொண்டவை. இதனையும் வெளிற்றுந்தூளையும், அல்லது வெளிற்றுந் திரவத்தையும், ஒன்றாகக் கலந்தால் குளோரீன் வாயு வெளிப்படும். முதலாம் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆந் திகதி, பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்மீது ஏவப்பட்ட நச்சு வாயு அதுவே. அதனை அறியாமல், இரண்டும் சேர்ந்தால் இருமடங்கு சுத்தமாகும் என்று எண்ணி, சாளரம் அடைத்த குளியலறையிற் கலப்போர் இன்றும் உளர். மூச்சுத் திணறலும் நுரையீரற் கேடும் இதனால் விளையும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஒன்றை ஊற்றிய இடத்தில் மற்றதை ஊற்றாதீர்கள். தவறி நேர்ந்துவிட்டால், துடைக்க முயலாமல் உடனே வெளியேறித் திறந்த காற்றுக்குச் செல்லுங்கள். இருமலோ மூச்சுத் தடையோ இருப்பின் தாமதியாது வைத்தியசாலையை நாடுங்கள். இப்போத்தல்களைச் சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதும், அமிலத்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வையாதிருப்பதும் ஒவ்வொரு தாயினதும் தந்தையினதும் கடமை.

கிணற்றடிப் பாசி

ஐப்பசி, கார்த்திகை மாரி தொடங்கியதும் கிணற்றடியிலும், உடுப்புத் தோய்க்கும் கல்லிலும், நிழல் விழும் படிகளிலும் பச்சைப் பாசி படரும். காண்பதற்கு அழகாயினும், வீட்டிலுள்ள முதியோருக்கு அதனிலும் கொடிய பகை வேறில்லை. அதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியர் சிலர் பின்னர் எழுந்து நடந்ததேயில்லை. ஆகவே பாசியை அகற்றுவதை அழகுக்காகச் செய்யும் வேலையாகக் கொள்ளாது, காவலுக்காகச் செய்யும் வேலையாகவே கொள்ள வேண்டும்.

வெயில் நாள் ஒன்றைத் தேர்ந்து, கல்லின்மேற் சுடுநீரை ஊற்றி ஊறவிட்டு, தென்னந்தும்புத் தூரிகையால் அழுத்தித் தேய்க்க. பாசி தடித்திருந்தால் அப்பச்சோடாவைச் சிறிது தூவித் தேய்க்கலாம். வழித்தெடுத்த பாசியை வாளியிற் சேர்த்துத் தொலைவிற் கொட்டுக. பின்னர் அக்கல்லில் வெயில் விழுமாறு மேலே கவிந்த கொப்புகளை வெட்டுக. நீர் தேங்கும் பள்ளத்தை அடைத்து, வாய்க்காலுக்குச் சரிவு உண்டாக்குக. நிழலும் ஈரமும் நீங்காதவரை பாசி திரும்பத் திரும்ப வந்தே தீரும்.

கிணற்றருகில் மட்டும் அமிலமோ வெளிற்றுந்தூளோ ஊற்றிக் கல்லைக் கழுவாதீர்கள். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, தன் நீருக்குப் பெருமளவிலே நிலத்தடியையே நம்பி வாழ்கிறது. அந்நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லோ வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது. மண்ணில் வடிகட்டப்படுவதற்குப் போதிய நேரமின்றியே மேலே ஊற்றியது கீழே போய்ச் சேரும். கிணற்றுக் கட்டை வெண்மையாக்க ஊற்றிய மருந்தை மறுநாள் நாமே அள்ளிக் குடிக்க நேரலாம். நம் அயலவருங் குடிக்க நேரலாம். கிணற்று நீரைத் தொற்று நீக்குவதற்குக் குளோரீன் இடுவது வேறு விடயம். அது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி அளவறிந்து செய்ய வேண்டியது.

உயரமுக்கத்தில் நீரைப் பீய்ச்சும் இயந்திரங்கள் இப்போது பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கின்றன. கருங்கற் படிக்கு அவை பொருந்தலாம். சுண்ணாம்புக்கல்லிலும் முருகைக்கல்லிலும் அவற்றைப் பிரயோகித்தால், அழுக்கோடு கல்லின் மேற்றோலும், கல்லிடைச் சாந்தும் பெயர்ந்துவிடும்.

கறையை உறிஞ்சும் பற்று

கல் பார்வைக்குத் திண்மையானதாயினும், அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. குத்துவிளக்கின் எண்ணெயும், சமையலறையில் தெறிக்கும் தாளிதமும் இத்துளைகளிற் புகுந்துவிட்டால், மேலே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. உள்ளே போனதை வெளியே இழுக்க வேண்டும். கட்டிக்குப் பற்றுப் போடுவது போலவே கல்லுக்கும் பற்றுப் போடும் முறை இதற்காக ஏற்பட்டது. ஆக்கிராவிலுள்ள தாஜ்மகாலின் பளிங்குச் சுவர்கள் மஞ்சளித்தபோது, இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையினர் 1994ஆம் ஆண்டு முதல் பல தடவைகள் அவற்றின்மேல் ஒருவகை உறிஞ்சு களிமண்ணைக் குழைத்துப் பூசி, உலர்ந்த பின் கழுவியே அழுக்கை நீக்கினர்.

வீட்டில் இதனைச் செய்வது கடினமன்று. அப்பச்சோடாவையோ வெண்களித் தூளையோ எடுத்து, எண்ணெய்க் கறைக்குப் பாத்திரச் சவர்க்காரத் திரவமும் சிறிது நீரும் சேர்த்து, தோசை மாவிலும் பன்மடங்கு கெட்டியாகக் குழைக்க. கறையின்மேல் விரற்கடையிற் பாதி கனத்துக்கு அப்பி, கறையின் எல்லைக்கு அப்பாலும் சிறிது பரப்புக. மேலே பொலித்தீன் தாளை விரித்து ஓரங்களை ஒட்டி, 24 மணித்தியாலம் விட்டு வைக்க. பின்னர் தாளை நீக்கிப் பற்றை முற்றாக உலரவிடுக. உலரும்போதே அது எண்ணெயை உறிஞ்சுகிறது. ஆதலால் இங்கே அவசரம் கூடாது. உலர்ந்த பின் மரக் கரண்டியால் வழித்து, நீரால் துடைக்க. பழைய கறையாயின் மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

வெண்ணிறக் கல்லில் தேநீர்க் கறையோ இலைச் சாயமோ ஏறியிருப்பின், நீருக்குப் பதிலாக மருந்துக் கடையிற் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலைச் சேர்த்துக் குழைக்கலாம். கருநிறக் கல்லுக்கு அது ஆகாது; நிறத்தை வெளிற்றக்கூடும். மஞ்சட் கறைக்குச் சவர்க்காரம் போட்டவுடன் அது சிவந்துவிடுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மஞ்சளின் சாயப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும் இயல்புடையது. அச்சாயம் வெயிலுக்கு ஆற்றாது. இடம் மாற்றக்கூடிய கல்லாயின் சில நாள் வெயிலில் வைத்தாலே கறை வெளிறிவிடும். இரும்புத் துருக் கறைக்கு விற்கும் மருந்துகளிற் சில ஐதரோபுளோரிக்கமிலம் கொண்டவை. அவை கருங்கல்லையும் அரிக்கும், தோலிற் பட்டால் எலும்பு வரை தாக்கும். அவ்வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுவதே அறிவு.

சமையல் மேடைக்குக் காப்புப் பூச்சு வேண்டுமா என்பதை நீரே சொல்லும். கல்லின்மேற் சில துளி நீர் விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடைக்க. இடம் கருத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது; கல்லுக்கென விற்கப்படும் ஊடுருவு பூச்சு ஒன்றை இடுதல் நன்று. கருக்காதிருந்தால் பூச்சுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

அம்மியும் ஆட்டுக்கல்லும்

மின் அரைவை வந்த பின் அம்மி பல வீடுகளில் மூலைக்குப் போய்விட்டது. எனினும் சம்பலுக்கு அம்மியே வேண்டும் என்போர் இன்னும் உளர். அம்மியைச் சவர்க்காரமிட்டுக் கழுவலாகாது. அதன் துளைகளிற் புகுந்த சவர்க்காரம் மறுநாட் சம்பலிற் சுவைக்கும். நீர் விட்டுத் தென்னந்தும்பாற் தேய்த்துக் கழுவி, குழவியைச் சாய்த்து வைத்து, காற்றாட உலரவிடுக. மணம் தங்கியிருந்தால் ஒரு பிடி உப்பும் பச்சரிசியும் இட்டு அரைத்துக் கழுவினால் நீங்கும்.

நாட்பட அரைத்தால் அம்மி வழுவழுப்பாகிவிடும். அப்போது உளி கொண்டு பொளிவிக்க வேண்டும். புதிதாகப் பொளிந்த அம்மியிலும், புதிதாக வாங்கிய அம்மியிலும் பச்சரிசியை அரைத்தரைத்துக் கொட்டுக. அரைத்த மா கறுப்பும் கரகரப்பும் இன்றி வெண்மையாய் வரும்வரை அதில் உணவுக்கு அரைக்கக் கூடாது. கல்லுத்தூள் பல்லுக்கும் குடலுக்கும் கேடு.

பழைய சுவரும் புதிய சீமெந்தும்

இறுதியாக, மிகப் பெரிய இழப்புக்கு இடமாகும் விடயத்துக்கு வருகிறோம். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஆளரவமின்றிக் கிடந்து, பின்னர் உரியவர் திரும்பிய பழைய வீடுகள் வடபகுதியில் உள்ளன. அவற்றின் சுவர்கள் சுண்ணாம்புக்கல்லையும் முருகைக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்துக் கட்டப்பட்டவை. திரும்பியவர்கள் முதலிற் செய்வது, உப்புப் பூத்து உதிரும் அச்சுவர்களுக்குச் சீமெந்து பூசுவதே. வலிமையூட்டுகிறோம் என்று நினைத்தே செய்கிறார்கள். விளைவோ மாறானது.

பழைய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதனைத் தன் மேற்பரப்பினூடே காற்றுக்கு விடும். சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் அதற்கு வழிவிடுபவை. சீமெந்தோ அடர்த்தியானது, வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். ஈரத்தோடு சென்ற உப்பு, பூச்சின் பின்னே கல்லினுள் படிகமாகி விரியும். விரியும்போது கல்லை உள்ளிருந்தே நொறுக்கும். சில ஆண்டுகளிற் சீமெந்துப் பூச்சுப் பலகையாய்ப் பெயர்ந்து விழும். அதனோடு கல்லின் முகமும் விழும். ஈரம் தங்கும் பழஞ்சுவருக்குப் பிளாத்திக்குத் தன்மையுள்ள வர்ணம் பூசுவதும் இத்தகையதே.

சுண்ணாம்பின் வரலாறு அறியத்தக்கது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் காபனீரொட்சைட்டு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகும். நீர் விட்டால் நீறும். சுவரிற் பூசிய பின், இழந்த அதே காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல மீளப்பெற்று மறுபடியும் கல்லாகும். கல்லோடு கல் சேர்வதால் அவ்விணைப்பு இயல்பானதாய் அமைகிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தி தொடங்கி, போரினால் 1990இல் மூடப்படும் வரை குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லையே மூலப்பொருளாகக் கொண்டது. ஆயினும், களியோடு சேர்த்து மிகையான வெப்பத்திற் சுட்டுச் செய்யப்படும் சீமெந்து குணத்தால் வேறான பொருள். புதிய கட்டடத்துக்கு அது நன்று. பழைய சுவருக்கு அது அந்நியம்.

ஆகவே பழைய சுவர் உடையோர், முதலில் ஈரம் வரும் வழியைத் தேடுக. கூரை ஒழுக்கையும் பீலியையும் திருத்துக. சுவரடியில் உயர்ந்துவிட்ட மண்ணை வெட்டித் தாழ்த்துக. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையாற் தட்டிச் சேகரித்து அப்புறப்படுத்துக. நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் கல்லினுள்ளேயே புகும். உதிர்ந்த சாந்தைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தால் அடைத்து, சுண்ணாம்பு நீரால் வெள்ளையடிக்க. நீறிய சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். கண்ணாடியும் கையுறையும் அணிந்தே வேலை செய்ய வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய மேசன்மார் ஊரில் ஒருவரிருவரே எஞ்சியிருப்பர். அவர்களை அழைத்துச் செய்விக்கும்போது, அவரருகே ஓர் இளைஞனையும் நிறுத்திப் பழக்குவது ஊருக்குச் செய்யும் உபகாரம்.

கடலோரத்தில் முருகைக்கல் அகழ்வது இந்நாட்டில் இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. கரையைக் காப்பதற்கு அத்தடை இன்றியமையாதது. ஆதலால் பழைய சுவரிலுள்ள ஒரு முருகைக்கல் நொறுங்கினால், அதற்கு ஈடாக வைக்க இன்னொன்று கிடையாது. சுவரில் உப்புப் பூத்திருக்கக் கண்டால், சீமெந்துப் பைக்குக் காசு கொடுக்குமுன் ஒருமுறை வெளியே சென்று, மழைநீர் அச்சுவரின் அடியில் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.